பாஸ்டன் சிட்டி ஹால்: முதல் பரிசு பெற்ற வடிவத்தை ஊர் ஏன் வெறுத்தது?

கேள்வி இது: "பாஸ்டன் மாநகராட்சியின் தலைமை அலுவலகமான சிட்டி ஹால், 1962இல் நாடு தழுவிய போட்டியில் முதல் பரிசு பெற்ற வடிவம். கட்டடக்கலை வகுப்பில் அதைப் புகழ்கிறார்கள். இணையத்தில் தேடினால் உலகின் மிக அசிங்கமான கட்டடம் என்று வருகிறது. நடுவர்கள் தவறு செய்துவிட்டார்களா? அரசு அலுவலகங்களுக்கு இப்படிப் போட்டி வைப்பதில் பயன் உண்டா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவர்கள் தவறு செய்யவில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட வினாவுக்கு மிகச் சிறந்த விடையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கட்டடத்தை மக்கள் வெறுத்ததற்கான காரணங்களில் பாதி போட்டி தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டவை. இன்னொரு பகுதி கட்டி முடித்த பிறகு நேர்ந்தவை. எஞ்சிய ஒரு பங்குக்கு வடிவமைத்தவர்களே பொறுப்பு. மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் அந்தக் கட்டடத்தைப் புகழ்வதும் நியாயமில்லை, திட்டுவதும் நியாயமில்லை.

1950களின் பாஸ்டனை நினைவில் கொள்ளுங்கள். வரி அதிகம், வேலை குறைவு, துறைமுகமும் ஆலைகளும் தளர்ந்துபோன நகரம். நகர நிர்வாகத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கையும் இல்லை. நான்கு முறை மேயராக இருந்த ஜேம்ஸ் மைக்கேல் கர்லி, 1947இல் மேயர் பதவியில் இருக்கும்போதே அஞ்சல் மோசடி வழக்கில் சிறை சென்று, வெளியே வந்து மீண்டும் அதே நாற்காலியில் அமர்ந்தவர். வேண்டியவர்களுக்கே ஒப்பந்தம் என்பது ஊரறிந்த வழக்கம். ஸ்கூல் தெருவில் 1865இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய சிட்டி ஹால், பிரெஞ்சு பாணியில் அழகானதுதான். ஆனால் பெருத்துவிட்ட நிர்வாகத்துக்கு அதில் இடம் போதவில்லை.

1959 தேர்தலில் யாரும் எதிர்பாராத வகையில் ஜான் காலின்ஸ் வென்றார். நகரைப் புதுப்பிக்க எட்வர்ட் லோக் என்பவரை நியூ ஹேவனிலிருந்து அழைத்துவந்தார். இருவரும் கை வைத்த இடம் ஸ்காலி சதுக்கம். மதுக்கடைகள், கேளிக்கை அரங்குகள், சின்னச் சின்னக் கடைகள், மாலுமிகள் கூடும் இடங்கள் என்று இருந்த நெரிசலான பகுதி அது. அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் 1875இல் கம்பி வழியாக முதன்முதலில் ஒலியை அனுப்பிய பட்டறையும் அந்தப் பகுதியில்தான் இருந்தது. சுமார் 60 ஏக்கரையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு அரசு அலுவலகங்கள் மட்டும் நிறைந்த 'கவர்ன்மென்ட் சென்டர்' அமைப்பது திட்டம். பக்கத்திலிருந்த வெஸ்ட் எண்ட் குடியிருப்புப் பகுதியைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அதே வேகத்தில் இடித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றியிருந்தார்கள். அந்த ஆறாத கோபத்தின் மேல்தான் புதிய சிட்டி ஹால் எழுந்தது. தன் தெருவை இழந்த ஒருவருக்கு அங்கே எந்தக் கட்டடம் வந்திருந்தாலும் பிடித்திருக்காது.

இனி முக்கியமான இடம். முழுப் பகுதிக்குமான பெருந்திட்டத்தை 1961இல் வகுத்தவர் ஐ. எம். பேய், பின்னாளில் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடால் உலகப் புகழ் பெற்றவர். குறுக்கும் நெடுக்குமாக ஓடிய 22 தெருக்களை ஆறாகக் குறைத்தது அந்தத் திட்டம். சுற்றிலும் உயரமான கட்டடங்கள், நடுவே ஏக்கர்கணக்கில் விரியும் வெற்றுச் சதுக்கம், அதன் ஓரத்தில் தாழ்வாக, ஆனால் எல்லாவற்றையும் ஆளும்படியாக சிட்டி ஹால் என்பது அவர் வரைந்தது. சிட்டி ஹால் எங்கே நிற்க வேண்டும், ஏறக்குறைய எவ்வளவு பெரியதாக, எவ்வளவு உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் போட்டியாளர்கள் பென்சிலைத் தொடும் முன்பே எழுதப்பட்டுவிட்டன. சதுக்கம் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமா என்ற கேள்வியைப் போட்டியில் கேட்க இடமே இருக்கவில்லை. பிற்காலத்தில் வந்த வசைகளில் பெரும்பகுதி அந்தச் சதுக்கத்தைப் பற்றியதே.

போட்டி 1961 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் எந்தக் கட்டடக் கலைஞரும் கலந்துகொள்ளலாம்; அனுப்பியவரின் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது. இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வந்த 256 வடிவங்களிலிருந்து எட்டைத் தேர்ந்தெடுத்து, அந்த எட்டுப் பேரும் தங்கள் வடிவத்தை விரிவாக வளர்த்தெடுக்க அவகாசம் தந்தார்கள். போட்டியின் ஆலோசகர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் லாரன்ஸ் ஆண்டர்சன். நடுவர் குழுவில் பியத்ரோ பெலுஸ்கி, ரால்ஃப் ராப்சன், வால்டர் நெட்ச், வில்லியம் வுர்ஸ்டர் என்று நான்கு கட்டடக் கலைஞர்கள். அவர்களோடு பாஸ்டனின் வணிகப் பிரமுகர்கள் மூவர். ஒப்பந்தம் யாருக்குப் போகும் என்று ஊரே முன்கூட்டிச் சொல்லக்கூடிய நகரத்தில், பெயர் மறைத்த போட்டி என்பதே ஓர் அரசியல் அறிவிப்பாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. இன்றும் அரசு வேலைக்குப் போட்டி வைப்பதற்கான முதல் நியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

1962 மே மாதம் உறையைப் பிரித்தபோது வெளிவந்த பெயர்களைப் பாஸ்டனில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. கெர்ஹார்ட் கால்மன், பெர்லினில் பிறந்து, நாஜி ஆட்சிக் காலத்தில் இங்கிலாந்துக்குத் தப்பி, பிறகு அமெரிக்கா வந்தவர். வயது 47. மைக்கேல் மெக்கினல், இங்கிலாந்திலிருந்து வந்தவர், வயது 26. இருவரும் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். சேர்ந்து ஒரு கட்டடம்கூடக் கட்டியதில்லை. எட்வர்ட் நோல்ஸ் என்பவரும் அவர்களுடன் இணைந்தார். அனுபவச் சான்றிதழ், முந்தைய ஆண்டுகளின் வரவு செலவு, முடித்த பணிகளின் பட்டியல் என்று டெண்டர் கேட்டிருந்தால் இவர்கள் வாசலைக்கூட எட்டியிருக்க முடியாது. அனுபவமின்மையை ஈடுகட்ட, கட்டும் கட்டத்தில் பாஸ்டனின் கேம்ப்பெல், ஆல்ட்ரிச் அண்டு நல்ட்டி நிறுவனத்தையும் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியரையும் துணை சேர்த்தார்கள். சரியான ஏற்பாடு. புதியவரின் கருத்துக்குப் பழகிய கைகள் துணை நிற்க வேண்டும். போட்டி வைக்கும் பல அரசுகள் கோட்டைவிடும் இடம் இது.

சரி, அந்த வடிவத்தில் என்ன இருந்தது? இதை வெளித்தோற்றப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது; குறுக்குவெட்டு வரைபடத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது.

நிலம் மேற்கே பீக்கன் குன்றின் பக்கம் உயர்ந்தும், கிழக்கே பழைய ஃபேனுயில் ஹால் பக்கம் தாழ்ந்தும் சரிகிறது. இந்தச் சரிவைச் செங்கல் மேடாக எழுப்பி, அதற்குள் கீழ்த் தளங்களை வைத்தார்கள். வரி கட்டுவது, சான்றிதழ் வாங்குவது, உரிமம் பெறுவது என்று மக்கள் கூட்டமாக வந்து போகும் கவுன்டர்கள் எல்லாம் இங்கே, தெருவிலிருந்து நடந்தவுடன் எட்டும் தூரத்தில். மேலே, கட்டடத்தின் உச்சியில், நான்கு பக்கமும் சுற்றிவரும் அலுவலக அடுக்குகள்: கோப்புகள், கணக்குகள், பொதுமக்கள் அதிகம் போக வேண்டிய தேவையில்லாத துறைகள். இந்த இரண்டுக்கும் நடுவே, வெளியே துருத்திக்கொண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு உருவில் தொங்குபவை ஐந்தாம் தளத்தின் சடங்கு இடங்கள். மாநகர மன்றம் கூடும் அவை ஒன்று. மேயரின் அறை இன்னொன்று. அதன் பெரிய சாளரம் ஃபேனுயில் ஹாலை நோக்கித் திறக்கிறது. அமெரிக்கப் புரட்சிக்கு முன்பு ஊர்க்கூட்டங்கள் நடந்த அந்த மண்டபத்தைப் பார்த்தபடி மேயர் வேலை செய்ய வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம்.

வெளியே நின்று பார்க்கும் ஒரு குடிமகன், எது அவை, எது மேயர் அறை, எது வெறும் அலுவலகம் என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆட்சியின் உள்ளமைப்பு முகப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மேயரே சிறை சென்ற நகரத்தில், ஆட்சியை ஒளிக்காமல் காட்டும் கட்டடம் என்பது எத்தனை பெரிய வாக்குறுதி என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, சதுக்கத்திலிருந்து கட்டடத்தின் ஊடாகவே நடந்து, படி இறங்கி, மறுபக்கத் தெருவை அடையும்படி வழி விட்டிருந்தார்கள். அலுவல் இல்லாதவரும் கடந்துபோகும் மாநகராட்சி அலுவலகம்!

பழைய மேற்கத்தியக் கோயில்களின் அமைப்பும் இதற்குள் மறைந்திருக்கிறது. கனத்த அடித்தளம், அதன் மேல் உயர்ந்த தூண்கள், தூண்களின் மேல் வெளியே நீளும் விளிம்பு. மேல் மூன்று அடுக்குகளும் ஏற ஏற வெளியே நீள்கின்றன. அவற்றில் வரிசையாக நிற்கும் கான்கிரீட் பலகைகள் விளிம்பின் பல்வரிசை போல் நிழல் வீசுகின்றன. கிரேக்க அலங்காரம் ஒன்றுகூட ஒட்டாமல் அதன் கம்பீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிரான்சில் லெ கார்புசியே கட்டிய லா தூரெத் மடத்தின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. அவரே வடிவமைத்த நம் சண்டிகரின் தலைமைச் செயலகத்தையும் உயர் நீதிமன்றத்தையும் பார்த்தவர்களுக்கும் இந்த முகம் அந்நியமாக இருக்காது, ஒரே குடும்பம்.

கான்கிரீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே இரண்டு வகை இருக்கிறது. தூண்களும் நடுப் பகுதியும் அங்கேயே வார்த்தவை. சென்ட்ரிங் பலகையின் மர ரேகை அப்படியே பதிந்திருக்கும். மேல் அடுக்குகளின் பலகைகள் வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தியவை. வழவழப்பாக, வெளிறிய நிறத்தில் இருக்கும். மாறாத பெரும் உறுப்புகள் கரடுமுரடாகவும், திரும்பத் திரும்ப வரும் சிறு உறுப்புகள் நேர்த்தியாகவும் என்று பிரித்திருக்கிறார்கள். பூச்சு இல்லை, வர்ணம் இல்லை. கான்கிரீட்டைப் பூசாமல் வெளிப்படையாகக் காட்டும் புரூட்டலிசம் என்ற பாணியின் பெயரில் பின்னால் வந்த பல கட்டடங்கள் கான்கிரீட்டைச் சிக்கனத்துக்காக அப்படியே விட்டன. இங்கே அது சிந்தித்துக் கையாளப்பட்டிருக்கிறது. மாலை வெயில் சாய்ந்து விழும்போது அந்த நிழல்களைப் பார்க்கும் எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்த நடுவர்களின் துணிவை மதிப்பிட, அதே கவர்ன்மென்ட் சென்டரில் பக்கத்தில் நிற்கும் ஜான் எஃப். கென்னடி கூட்டாட்சி அலுவலகத்தைப் பாருங்கள். வால்டர் குரோப்பியஸின் நிறுவனம் வடிவமைத்தது. 26 தள இரட்டைக் கோபுரம், 1966இல் முடிந்தது. நவீனக் கட்டடக்கலையின் பிதாமகர்களில் ஒருவரின் கை பட்டும், அதை யாரும் திட்டுவதுமில்லை, நினைவில் வைப்பதுமில்லை. போட்டி இல்லாமல் போயிருந்தால் சிட்டி ஹாலும் அப்படியொரு கண்ணியமான பெட்டியாகத்தான் வந்திருக்கும்.

கட்டி முடித்து 1969 தொடக்கத்தில் திறந்தபோது காலின்ஸ் மேயராக இல்லை. கெவின் வைட் பதவிக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. போட்டியை நடத்தி, வடிவத்தைத் தாங்கிப் பிடித்தவர் ஒருவர். அதில் குடியேறியவர் மற்றொருவர். அரசுக் கட்டடங்களில் இது திரும்பத் திரும்ப நடக்கும். தேர்தல் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது; பெரிய கட்டடம் முடிய ஆறேழு ஆண்டுகள் ஆகிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகம் அந்த ஆண்டே அதற்கு விருது தந்தது. 1976இல் நாட்டின் இருநூறாவது ஆண்டையொட்டிக் கட்டடக் கலைஞர்களிடமும் வரலாற்றாளர்களிடமும் எடுத்த கருத்துக் கணிப்பில், அமெரிக்க வரலாற்றின் தலைசிறந்த கட்டடங்களில் ஆறாவது இடம் கிடைத்தது. ஊர் மக்களின் கருத்து வேறாக இருந்தது.

அவர்கள் குறைகூறியதில் உண்மை இருக்கிறதா? நிறையவே இருக்கிறது. முதலில் வடிவமைத்தவர்களின் பங்கைச் சொல்கிறேன்.

சதுக்கத்திலிருந்து உள்ளே நுழைந்தால் நீங்கள் நிற்பது மூன்றாம் தளம். கீழ்த்தெருவிலிருந்து நுழைந்தால் முதல் தளம். வரைபடத்தில் இது சரிவை அழகாகப் பயன்படுத்தும் உத்தி. உரிமம் புதுப்பிக்க வந்தவருக்கோ தலைசுற்றல். எங்கு பார்த்தாலும் படிகள். இத்தனைக்கும் இதைக் கட்டத் தொடங்கிய காலின்ஸ், போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியச் சட்டம் 1990இல்தான் வந்தது என்பது உண்மைதான். ஆனால் மேயரே சக்கர நாற்காலியில் இருந்த நகரத்தில், போட்டிக்கான தேவைப் பட்டியலை எழுதியவர்களோ வடிவமைத்தவர்களோ வழங்கிய விடை போதாது என்றே சொல்வேன். பாஸ்டனின் குளிருக்கு வெற்றுக் கான்கிரீட் பொருந்தாது; உள்ளே வெப்பத்தைக் காப்பது கடினம். அதோடு, அறைகளை மாற்றியமைக்கவும் இந்தக் கட்டடம் எளிதில் இடம் தராது. கணினி வரும், கம்பிகள் ஓடும், துறைகள் பிரியும் சேரும். ஒரு நிர்வாகத்தின் 1962ஆம் ஆண்டு உருவத்தைக் கான்கிரீட்டில் வார்த்துவிட்டால், 1992இல் அதே நிர்வாகம் அதற்குள் நெளிந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

சதுக்கத்தின் குறை இருவருக்கும் உரியது. பரப்பு பேயின் திட்டத்தில் வந்தது. அதைச் செங்கல் தளமாகவும் படிகளாகவும் நிரப்பியது கால்மனும் மெக்கினலும். இத்தாலியின் சியெனா நகரத்துச் சதுக்கம் அவர்கள் மனத்தில் இருந்தது. சியெனாவில் சதுக்கத்தைச் சுற்றி வீடுகளும் கடைகளும் உணவகங்களும் நெருங்கி நிற்கின்றன. இங்கே சுற்றிலும் மாலை ஐந்து மணிக்கு விளக்கணைக்கும் அலுவலகங்கள். குளிர்காலத்தில் கடற்காற்று வீசும், செங்கல்லில் பனி உறைந்து வழுக்கும், கோடையில் ஒதுங்க நிழல் இல்லை. ஒரு மூலையில் கட்டிய நீரூற்றிலிருந்து கீழே ஓடும் சுரங்க ரயில் பாதைக்குள் தண்ணீர் கசிந்ததால் 1970களிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். இடிப்பிலிருந்து தப்பிய சியர்ஸ் கிரசென்ட் என்ற வளைந்த பழைய செங்கல் கட்டடம் மட்டும் ஓரமாக நின்று, அங்கே ஒருகாலத்தில் தெருக்கள் எப்படி ஓடின என்பதற்குச் சாட்சி சொல்கிறது.

அந்த வெறுமையான சதுக்கமே பாஸ்டனின் பொது வாழ்க்கைக்கு மேடையாகவும் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிகளில் நிறப் பிரிவினையை நீக்க, மாணவர்களை வேறு பகுதிப் பள்ளிகளுக்குப் பஸ்ஸில் அனுப்பும்படி நீதிமன்றம் விதித்த திட்டத்தை எதிர்த்து 1976 ஏப்ரலில் நடந்த ஆர்ப்பாட்டத்தில், கறுப்பின வழக்கறிஞர் டெட் லாண்ட்ஸ்மார்க்கைக் கொடிக் கம்பத்தால் தாக்கிய கொடூரம் அங்கேதான் நடந்தது. புலிட்சர் பரிசு பெற்ற அந்தப் புகைப்படத்தில் நீங்கள் பார்க்கும் செங்கல் தரை அதுதான். விளையாட்டு அணிகளின் வெற்றி விழாக்களும் அங்கேதான் நடந்தன. வாசலில் நிற்கும் மூன்று கொடிக் கம்பங்களில் யார் கொடி ஏற்றலாம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2022இல் தீர்ப்பானது. ஓர் அமைப்பின் கிறிஸ்தவக் கொடியை மாநகராட்சி மறுத்தது பேச்சுரிமையை மீறியது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். மக்கள் கூடுவதற்கென்றே கட்டிய இடம் கடைசியில் சட்டத்தின் கண்ணிலும் அப்படியே ஆனது.

இனிக் கட்டிய பிறகு நேர்ந்தவை. எனக்கு அதிக வருத்தம் தருவது இந்தப் பகுதி. அந்த வடிவத்தின் மூலக் கருத்து திறந்திருத்தல். கட்டடத்தை ஊடறுத்துப் போகும் வழிகளையும் நுழைவாயில்களில் சிலவற்றையும் பிற்கால நிர்வாகங்கள் பாதுகாப்பின் பெயரால் மூடின. திறந்த கூடங்களைத் தடுப்பு வைத்து அறைகளாக்கினார்கள். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவது நின்றது, விளக்குகள் மங்கின, கறை படிந்த கான்கிரீட்டைக் கழுவ ஆளில்லை. மக்களை உள்ளே அழைக்க வரைந்த கட்டடத்தின் கதவுகளைச் சாத்திவிட்டு, பார்த்தாயா இது கோட்டை போல் இருக்கிறது என்று குறை சொன்னால் என்ன செய்வது? 2006இல் அப்போதைய மேயர் தாமஸ் மெனினோ இதை விற்றுவிட்டுத் தெற்கு பாஸ்டனின் கடலோரத்தில் புதிய சிட்டி ஹால் கட்டப்போவதாக அறிவித்தார். பணமும் ஆதரவும் திரளாமல் அந்தத் திட்டம் நின்றுபோனது. 'உலகின் அசிங்கமான கட்டடம்' என்ற பட்டம் 2008இல் ஒரு பயண இணையதளம் வெளியிட்ட பட்டியலிலிருந்து வந்தது. அதை ஆராய்ச்சி முடிவு போல் மேற்கோள் காட்டுவதை விட்டுவிடலாம்.

ஒப்பிடுவதற்குச் சரியான கட்டடம் ஒன்று இருக்கிறது. கனடாவில் வாழும் தமிழர் பலருக்கு நன்கு தெரிந்தது. டொரான்டோ சிட்டி ஹால். அதே காலம், அதே குளிர், அதுவும் போட்டியில் வென்ற வடிவம். 1950களின் நடுவில் உள்ளூர் நிறுவனங்கள் சேர்ந்து வரைந்த சாதாரணமான திட்டத்தை டொரான்டோ வாக்காளர்கள் நிராகரித்துவிட, மேயர் நேதன் பிலிப்ஸ் பன்னாட்டுப் போட்டிக்கு வழி செய்தார். 42 நாடுகளிலிருந்து 500க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 1958இல் வென்றவர் பின்லாந்தின் வில்யோ ரெவெல். தாமதமாக வந்து சேர்ந்த நடுவர் ஏரோ சாரினென், மற்றவர்கள் ஒதுக்கிவைத்த குவியலிலிருந்து அந்த வடிவத்தை எடுத்து முன்னே வைத்தார் என்பது பலரும் சொல்லிவரும் வரலாறு. ஒன்றையொன்று அணைத்தாற்போல் வளைந்த இரண்டு கோபுரங்கள், ஒன்று 27 தளம், மற்றொன்று 20. நடுவே தட்டுப் போல் மிதக்கும் மன்ற அவை. 1965 செப்டம்பரில் திறந்தார்கள். ரெவெல் அதைப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

அலுவலகமாகப் பார்த்தால் டொரான்டோ வடிவத்திலும் பெரிய குறை உண்டு. கோபுரங்களின் வெளிப்புறம் முழுக்கச் சாளரமில்லாத சுவர். வளைந்த குறுகிய தளங்களில் மேசை போடும் இடம் குறைவு. ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்குப் போக, கோபுரம் இறங்கி அடுத்த கோபுரம் ஏற வேண்டும். அலுவலகத் திறன் மட்டுமே அளவுகோல் என்றால் அதற்குப் பரிசே கொடுத்திருக்கக் கூடாது. ஆனாலும் ஊர் அதை நேசிக்கிறது. நகரின் சின்னமே அதுதான். வேறுபாடு எங்கே? முன்னாலிருக்கும் நேதன் பிலிப்ஸ் சதுக்கமும் ரெவெலின் வெற்றி வடிவத்தின் பகுதி. கோடையில் நீர்த்தொட்டி, குளிர்காலத்தில் அதுவே பனிச்சறுக்குத் திடல். உறைபனி மாதங்களில் குடும்பத்தோடு போக ஒரு காரணம் இருக்கிறது. கட்டடத்தையும் அதன் முன்வெளியையும் ஒரே கையில் கொடுத்ததற்கும், வெளியின் அளவை முன்பே பூட்டிவிட்டுக் கட்டடத்துக்கு மட்டும் போட்டி வைத்ததற்கும் உள்ள வித்தியாசம் இது. டொரான்டோவிலும் அந்த இடத்தில் பழைய சீனக் குடியிருப்பின் பெரும்பகுதியை இடித்தார்கள்; அந்த இழப்பையும் மறைக்கக் கூடாது.

ஆகவே, போட்டி வைப்பதில் பயன் உண்டா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் விடை: உண்டு, ஆனால் போட்டி அறிவிப்போடு வரும் ஆவணத்தை வடிவத்தைவிடக் கவனமாகப் படியுங்கள். நிலத்தின் எல்லையும் முன்வெளியும் போட்டியாளர் கையில் இருக்கிறதா, பூட்டப்பட்டுவிட்டதா? மக்கள் எந்த வாசலில் வந்து எந்தக் கவுன்டருக்குப் போவார்கள் என்று எழுதியிருக்கிறதா, அல்லது துறைவாரியாகச் சதுர அடி மட்டும் கொடுத்திருக்கிறார்களா? இருபது ஆண்டு கழித்துத் துறைகள் மாறும்போது சுவரை நகர்த்த முடியுமா என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நிதி உண்டா? பாஸ்டன் ஆவணம் இடத்தையும் உருவத்தையும் இறுக்கமாகச் சொன்னது. படியேற முடியாதவர் பற்றியும் குளிர்காலத்துச் சதுக்கம் பற்றியும் அழுத்தமாகக் கேட்கவில்லை என்பதைக் கட்டடமே காட்டுகிறது. கேட்காத கேள்விக்கு எந்த வடிவமும் மதிப்பெண் வாங்க முடியாது. இரண்டு கட்டமாக நடத்துவதையும் பெயர் மறைப்பதையும் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்யப்போகும் எழுத்தர் ஒருவரையும், கவுன்டரில் வரிசையில் நிற்கும் குடிமகன் ஒருவரையும் இரண்டாம் கட்டத்தில் நடுவர்கள் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது என் நீண்டநாள் விருப்பம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. கெட்டி அறக்கட்டளையின் நிதியுதவியோடு சிட்டி ஹாலுக்கு முறையான பாதுகாப்புத் திட்டம் ஒன்று வகுத்தார்கள். சசாக்கி நிறுவனத்தின் வடிவமைப்பில் சதுக்கம் புதுப்பிக்கப்பட்டு 2022 நவம்பரில் திறந்தது: மேல் தெருவிலிருந்து கீழ்த்தெரு வரை சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும்படியான சாய்தளம், மரங்கள், இருக்கைகள், விளையாட்டுத் திடல், நெடுங்காலம் மூடிக்கிடந்த வடக்கு வாசல் மீண்டும் திறப்பு. இதற்காகக் கட்டடத்தின் உருவத்தில் கை வைக்கவில்லை. 2025 ஜனவரியில் நகரமே இதைப் பாதுகாக்கப்பட்ட அடையாளச் சின்னமாக அறிவித்தது. 2012இல் இறந்த கால்மனும், 2020இல் கோவிட் காலத்தில் இறந்த மெக்கினலும் இந்த அறிவிப்பைக் கேட்கவில்லை. இடையில் அவர்கள் தி ஹேக் நகரில் இரசாயன ஆயுதத் தடை அமைப்பின் தலைமையகம் உட்படப் பல நல்ல கட்டடங்களை வடிவமைத்தார்கள். இந்தத் துணிச்சலை எட்டியது என்று என்னால் எதையும் சுட்ட முடியவில்லை.

பாஸ்டன் போக வாய்த்தால் வார நாளில் போங்கள். அலுவலகம் என்பதால் சனி, ஞாயிறு உள்ளே விடமாட்டார்கள். கவர்ன்மென்ட் சென்டர் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் நேரே சதுக்கத்தில் வந்து நிற்பீர்கள். படங்களில் எல்லாம் வரும் கோணம் அது. அதைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு ஃபேனுயில் ஹால் பக்கம் இறங்கி, கீழிருந்து மேல் நோக்கிப் பாருங்கள். செங்கல் மேடும் அதற்கு மேல் தொங்கும் மேயர் அறையும் உச்சி அடுக்குகளும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். 256 வடிவங்களில் நடுவர்கள் ஏன் இதை எடுத்தார்கள் என்பது அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் விளங்கும்.